மலை ஈயம் கடலுக்கு ஆகாது

பிள்ளைகளா, நேற்று உங்கள் பைகளைத் தூக்கிப் பார்த்தேன். உங்களைக் கேட்காமல்தான் தூக்கினேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட என்னால் அதைச் சுமக்க முடியாது. உள்ளே ஈயம் இருக்கிறது என்று திறந்து பார்க்காமலே கை சொல்லிவிட்டது.

அணையில் முங்கி நான் பார்த்த வேலையை இன்றைக்கு நீங்கள் பார்க்கிறீர்கள். என் மகளும் உங்களில் ஒருத்தி. இப்போது கீழே கடலோரத்துக்குப் போய், ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்கூபா இறங்கப்போகிறீர்கள். நல்ல காரியம். போங்கள். ஆனால் நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; வகுப்பு எடுக்கத் தெரியாது. நடந்ததைத்தான் எழுதத் தெரியும். வாயால் சொன்னால் பாதியில் போனைப் பார்ப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வெதுவெதுப்பான கடலுக்குச் சாமான் கொஞ்சம் போதும். மாஸ்க் உங்களுடையதாக இருக்கட்டும். ஒருவர் முகத்துக்குச் செய்தது இன்னொருவர் முகத்தில் ஒட்டாது. வாயில் கடிக்கிற ரெகுலேட்டரும் பழகினதாக இருக்கட்டும். காலில் போடுகிற துடுப்பான ஃபின் குட்டையாக, வெறுங்காலில் மாட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது. அணையில் போடுகிற பூட்ஸும் அதன்மேல் மாட்டுகிற நீள ஃபின்னும் வீட்டிலேயே கிடக்கட்டும். காற்று ஊதுகிற ஜாக்கெட்டில் மடித்தால் தலையணை அளவுக்கு வருகிற ஒன்று இருக்கிறதாமே, அதை எடுங்கள். உடம்புக்கு மெல்லிய சூட் ஒன்று. வெயிலும் சொறி மீனும் படாமல் இருந்தால் சரி. சிலிண்டரும் ஈயமும் போகிற இடத்தில் கொடுப்பார்கள்.

"இடுப்பில் எவ்வளவு ஈயம் கட்டணும்?" என்று கேட்பீர்கள். அதை நான் சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பதற்குத்தான் இந்தக் கதை.

நானும் செபமாலையும் இலங்கையில் ஒரே தோட்டத்து ஆட்கள், பக்கத்துப் பக்கத்து லயத்து வீடு. இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைக் கப்பல் கப்பலாக இங்கே அனுப்பிய காலம் அது. எனக்கு முதலில் உத்தரவு வந்தது. கொஞ்ச நாள் கழித்து அவனுக்கு வந்தது. அவன் பெண்சாதி பிலோமினாவின் பெயர், கலியாணத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா கொடுத்த மனுவில் இருந்தது. அதனால் அவளும் கைக்குழந்தையும் அங்கேயே நின்றுபோனார்கள். "பின்னால் வருவாங்க" என்று சொல்லிச் செபமாலையை மட்டும் கப்பலேற்றிவிட்டார்கள். அந்தப் பின்னால் என்பது வருஷக்கணக்கில் நீண்டது. குழந்தை நடக்க ஆரம்பித்ததையும் பேச ஆரம்பித்ததையும் அவன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டான்.

இங்கே கட்டபெட்டுப் பக்கம் தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கினோம். பிறகு அணையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். சிலிண்டர் கட்டி முங்குகிற வேலைக்கு மற்றவர்கள் பயந்தார்கள். எங்களுக்கும் பயம்தான். ஆனால் திரும்பிப்போக எங்களுக்கு வேறு ஊர் இல்லை. அதனால் கையைத் தூக்கிவிட்டோம்.

அணைத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலும்புக்குள் போய் உட்காரும். அதற்காகத் தடித்த ரப்பர் சூட். அந்தச் சூட்டோ நெட்டி மாதிரி மிதக்கும். ஆளை அமுக்கி வைக்க ஏகப்பட்ட ஈயம் வேண்டும். பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் போகும் வாயில் இரும்புக் கம்பி அடைப்பு இருக்கும். அதில் வந்து சிக்கும் சீகை மரக் கட்டையையும் சருகையும் இழுத்துப் போடுவதுதான் வேலை. தலைக்கு மேலே நாங்கள் இறங்குகிற மரத் தெப்பம். கம்பியில் உரசி ஈயப் பட்டையின் கொக்கி திறந்துகொண்டால், சூட் ஆளை அம்பு மாதிரி மேலே தூக்கித் தெப்பத்தின் அடியில் மோதும். அதனால் எங்கள் மேஸ்திரிக்கு ஒரு சட்டம் இருந்தது.

"ஏனுங்க, இடுப்பு ஈயங்கறது தாலி மாதிரிங்க. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் அவுக்கப்படாது. அவுந்தா ஆளு போச்சு, பாத்துக்கோங்க."

சட்டத்தைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தவன் செபமாலைதான். தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டுவார்களே, அந்த முடிச்சு. பின்னிடுப்பில் போடுவார்கள், செடி மாட்டி அவிழாது. மழையில் நனைய நனைய இன்னும் இறுகும். அதே முடிச்சை ஈயப் பட்டையின் கொக்கிக்கு மேலே கயிற்றால் போட்டோம். மேஸ்திரி இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இலங்கைக்காரன் மூளைய மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கான்" என்றார். அதற்குப் பிறகு அணையில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அந்த இடத்துக்கு அது சரியான முடிச்சு. இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன்.

அப்போதுதான் கடலோரத்திலிருந்து ஆள் கேட்டு வந்தது. ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் படகுத் துறை. பெரிய சங்கிலி ஒன்று அறுந்து, துறையின் கால்களைச் சுற்றிக் கிடந்தது. படகுகள் துறையோடு வந்து ஒட்ட முடியவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் எல்லாம் வேறு பக்கம் போயிருந்தார்கள். செபமாலை முதல் ஆளாக ஒத்துக்கொண்டான். ஏனென்றால் பிலோமினாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த வாரக் கப்பலில் குழந்தையோடு வருகிறாள்.

பை கட்டும்போது எங்களுக்குள் சண்டை. கடல் வெதுவெதுப்பாக இருக்கும், ரப்பர் சூட் வேண்டாம் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். சூட்டை எடுத்து ஆணியில் மாட்டினான். ஈயத்தை மட்டும் அள்ளிப் பையில் போட்டான்.

"சூட்டுக்காகத்தானே இவ்வளவு ஈயம்? சூட்டே இல்லாதப்ப எதுக்குடா?" என்றேன்.

"அண்ணே, கடலு உப்புத்தண்ணி. ஆளைத் தூக்கும். கப்பல்ல வரையில நீங்க பாக்கல? அம்மாம் பெரிய கப்பலையே தூக்குதே, என்னையத் தூக்காதா? இன்னும் ரெண்டு கட்டி சேத்துப் போடுங்க."

உப்புத் தண்ணீர் தூக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தூக்கும்? கழற்றி வைத்த சூட் தூக்கியதைவிடவா? இரண்டையும் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. நான் விடவில்லை. "அங்க போயி கரையோரமா நின்னு பாத்துட்டு அப்புறம் கட்டு" என்றேன்.

"பொண்ணு பாக்கற மாதிரி தண்ணியயும் பாக்கணுமாக்கும்" என்று சிரித்தான்.

போய்ச் சேர்ந்தபோது துறையில் சூப்பர்வைசர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். வெயிலிலேயே நின்று நின்று கோபம் ஏறியவர். "மலையிலேருந்து வர இவ்வளவு நேரமாய்யா? எறங்குங்க, எறங்குங்க" என்றார். மறுநாள் சாயங்காலம் கப்பல். வேலையை ஒரே முங்கில் முடித்துவிட்டால் விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று செபமாலைக்குக் கணக்கு. நான் கரையோரம் என்று வாயெடுப்பதற்குள் பருத்திச் சட்டையோடு சிலிண்டரை மாட்டி, எல்லா ஈயத்தையும் இடுப்பில் சுற்றி, பின்னால் படங்கு முடிச்சும் போட்டுவிட்டான். "ஆழம் என்னாண்ணே, நம்ம அணையில பாதிகூட இல்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

இறங்கினான் என்று எழுதுகிறேன். கல் மாதிரிப் போனான்.

அவன் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். அணையில் அவன் இறங்கும்போது கயிறு சாவகாசமாகக் கையை விட்டுப் போகும். அங்கே சர்ரென்று ஓடி நின்றது. குமிழி வந்தது. வேலை செய்கிற ஆளின் குமிழி இடம் மாறும், விட்டு விட்டு வரும். இது ஒரே இடத்தில் பானை கொதிப்பது போல வந்தது. கால் சேற்றில் புதைந்து, எழும்ப உதைத்து உதைத்து, காற்றை அள்ளி அள்ளித் தின்கிறான் என்று புரிந்தது. நானும் துறைக்காரர் ஒருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். வரவில்லை. கயிறு கீழே சங்கிலியில் சிக்கிக்கொண்டிருந்தது.

என் சிலிண்டரை முதுகில் போட்டேன். சூப்பர்வைசர் நல்ல எண்ணத்தோடுதான் இன்னொரு ஈயப் பட்டையை என் கையில் திணித்தார். "இதக் கட்டுய்யா, அப்பத்தான் சீக்கிரம் போவ!"

பிள்ளைகளா, அந்த இடத்தில்தான் ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். எங்களை ஆளாக்கிய மேஸ்திரியின் சட்டம் ஈயத்தை விடாதே என்கிறது. பக்கத்தில் நிற்பவர் கட்டு என்கிறார். கீழே இருப்பவனோ கட்டியதால்தான் கிடக்கிறான். பட்டையைத் துறைமேலேயே போட்டுவிட்டுக் குதித்தேன். உப்பு தூக்குவது உண்மையென்றால் நான் மிதப்பேன். மிதந்தால் துறைக்காலைப் பிடித்து என்னை நானே கீழே இழுத்துக்கொள்ளலாம். மிதக்கிறவன் கீழே போகக் கை இருக்கிறது. புதைந்தவன் மேலே வர எதுவும் இல்லை.

அப்படியே செய்தேன். துறைக்காலில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்கையைக் கிழித்தது. கீழே ஒரே கலங்கல். தடவிக்கொண்டே போய் அவன் தோளைப் பிடித்தேன். பின்னிடுப்பில் முடிச்சைத் தேடினேன். நனைந்து கல்லாகியிருந்தது. காலில் கட்டியிருந்த கத்தியை உருவினேன். தேயிலைச் செடி வெட்டித் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியில் செய்த துண்டுக் கத்தி அது. கயிற்றில் வைத்ததும் என் மணிக்கட்டை அவன் பிடித்தான்.

அறுக்க விடவில்லை! மூச்சு முட்டுகிற நேரத்தில், தன்னை அமுக்கிக்கொண்டிருந்த ஈயத்தை இரண்டு கையாலும் காவல் காத்தான். அவிழ்ந்தால் ஆள் போச்சு என்று அத்தனை வருஷம் கற்றது கையில் ஊறியிருந்தது. இழுத்தேன், விடவில்லை. அவன் என்னைவிடப் பலசாலி. தண்ணீருக்குள் கத்தவும் முடியாது, விளக்கவும் முடியாது.

மல்லுக்கட்டுவதை நிறுத்தினேன். அவன் கை ஒன்றைப் பிடித்து என் இடுப்பில் வைத்தேன். வெறும் இடுப்பு. ஈயம் இல்லை, கயிறு இல்லை. அந்தக் கை தடவிப் பார்த்தது. முதுகுப் பக்கம் போய்த் தேடியது. மறுபடி முன்னால் வந்தது. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

அறுத்தேன். ஈயம் சேற்றில் விழுந்தது. சங்கிலியில் சிக்கியிருந்த கயிற்றையும் அறுத்துவிட்டு, அவன் பாய்ந்து போகாமல் ஒரு கையால் அவனையும் மறு கையால் துறைக்காலையும் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தோம்.

துறையில் அவனைக் குப்புறப் போட்டார்கள். உப்புத்தண்ணீரை வாந்தியெடுத்துவிட்டு, "அண்ணே, கடலு கப்பலத்தான் தூக்குமாட்டம் இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை வந்தது. வைக்கவில்லை.

சூப்பர்வைசர் பயந்துதான் போயிருந்தார். ஆனாலும் அவர் கஷ்டம் அவருக்கு. "நாளைக்குப் படகு ஒட்டியாகணும்யா. ஈயத்தையும் கீழயே போட்டுட்டு வந்துட்டீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

"இன்னிக்கு யாரும் எறங்கமாட்டோம்ங்க."

"வேலைய முடிக்காம ஒருத்தனும் இங்கேருந்து நகர முடியாது, தெரிஞ்சுக்க."

செபமாலை எழுந்து உட்கார்ந்துவிட்டான். "எறங்கிரலாம்ணே. ஈயமில்லாம எறங்குறேன். நாளைக்குக் கப்பலு."

"நாளைக்குக் கப்பல்ங்கறதாலதான் இன்னிக்கு எறங்காதங்கறேன்."

அவன் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தான். சூப்பர்வைசர் பேசிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு சிலிண்டரின் திருகையும் மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது. இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும், எவ்வளவு ஈயம் வேண்டும் என்று தண்ணீரையே கேட்கப் போனோம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வலையின் அடியில் கோக்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டு கொஞ்சம் வாங்கினோம்.

"மலையாளுகளா? வலை ஈயத்த இடுப்புல கட்டிக்கிட்டு என்னத்தப் பிடிக்கப் போறீக?" என்றார் அந்த அம்மா.

"ஒரு ஆளப் பிடிக்கணும்மா. கப்பல்ல வருது" என்றான் செபமாலை.

கழுத்தளவுத் தண்ணீரில், சிலிண்டரும் சட்டையும் போட்டு, ஈயமே இல்லாமல் அவனை மிதக்கவிட்டேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அசையாமல் நிற்கச் சொன்னேன். தலை வெளியே நின்றது. குண்டுகளைத் துணியில் முடிந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். தண்ணீர் கண் மட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். மூச்சை விட்டால் ஆள் மெல்ல அமிழ வேண்டும். அமிழ்ந்தான். காற்று தீரத் தீரச் சிலிண்டர் எடை குறையும். அதற்காக இன்னும் ஒரு பிடி. அவ்வளவுதான். மலையிலிருந்து சுமந்துவந்ததற்குப் பக்கத்தில் அது பிள்ளைகள் விளையாடுகிற கோலிக்குண்டு. முடிச்சை முன்னால் கொண்டுவந்து, ஒற்றைக் கையால் ஒரு இழுப்பில் அவிழ்கிற சுருக்காகப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கச் சொன்னேன். தண்ணீருக்குள் அவிழ்க்கச் சொன்னேன். இடது கையால் அவிழ்க்கச் சொன்னேன். "போதும்ணே, தூக்கத்துல கூட அவுப்பேன்" என்று அவன் கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் விடவில்லை.

எனக்கும் அதே போலப் பார்த்தோம். அவனுக்குக் கட்டியது எனக்குப் போதவில்லை. எனக்கு ஒரு பிடி கூடக் கேட்டது. ஒரே தண்ணீர், ஒரே சட்டை, ஒரே மாதிரி சிலிண்டர். அப்படியும் ஆளுக்கு ஆள் வேறு. எவ்வளவு ஈயம் என்று என்னிடம் கேட்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். போன தடவை உங்களுக்குச் சரியாக இருந்த அளவுகூட, அன்றைக்கு வேறு சூட்டும் வேறு சிலிண்டரும் மாட்டினால் சரியாக இருக்காது. படகுக்காரர் அவசரப்படுத்துவார். கூட வந்தவர்கள் முனகுவார்கள். முனகட்டும். பார்த்துவிட்டு இறங்குங்கள். அணையில் அவிழவே கூடாது, கடலில் உடனே அவிழ வேண்டும், இரண்டும் சரிதான். எந்தத் தண்ணீரில் நிற்கிறோம் என்பதை உங்கள் கை மறக்கக் கூடாது. கற்றது கையில் ஊறிவிட்டால் மூளை சொல்வதை அது கேட்காது. அதனால் ஒவ்வொரு புதுத் தண்ணீரிலும் கைக்குத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

உச்சிவெயிலுக்குள் சங்கிலியைக் கழற்றிவிட்டோம். சேற்றில் கிடந்த எங்கள் ஈயத்தையும் அந்தச் சங்கிலியோடு கட்டித் துறைக்காரர்கள் மேலே தூக்கினார்கள். சூப்பர்வைசர் தன் செலவில் டீ வாங்கிக்கொடுத்து, ராமேஸ்வரம் போகிற லாரியில் ஏற்றியும் விட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

லாரியில் செபமாலை தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. நேற்று அந்தப் பட்டையை நானும் கட்டிக்கொண்டு குதித்திருந்தால் என்று யோசித்தேன். இல்லை, குதித்து நான் மட்டும் மேலே வந்திருந்தால்? கப்பல் துறையில் பிலோமினா முன்னால் நான் ஒருவன்தான் நின்றிருப்பேன். என்ன சொல்லித் தொடங்குவது? 'இந்தா பாரும்மா' என்று தொடங்கிப் பார்த்தேன். 'தங்கச்சி' என்று தொடங்கிப் பார்த்தேன். லாரி ராமேஸ்வரம் போய்ச் சேருகிற வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

கப்பல் வந்தது. தகரப் பெட்டியும் பாய்ச் சுருட்டும் குழந்தைகளுமாகச் சனம் இறங்கிக்கொண்டே இருந்தது. செபமாலை முதலில் தடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றான். பிறகு காவலர் விரட்ட விரட்ட எங்கேயோ தள்ளிப்போய்விட்டான். பிலோமினா வந்தாள். இடுப்பில் பிள்ளை, தூக்கி வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளை. கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். என் இரண்டு பக்கமும் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். அவள் நடை நின்றுபோயிற்று.

"அண்ணே... நீங்க மட்டுமா வந்தீங்க? அவரு எங்க?"

நான் கையை நீட்டினேன்.

"அந்தா பாரும்மா. போலீஸ்காரர்கூடச் சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரு."